8080-இல் உட்கார்ந்திருப்பது யார்?

"இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்றது கணினி. ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில், மரியாதையாகத்தான் சொன்னது. டிகிரிக்குக் காதில் புகை வந்தது.

அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவளுக்குப் பெயரே டிகிரி. "டிகிரி, அந்த ரிவெட் டப்பாவ எடு." "டிகிரி, கடைக்கு முன்னாடி கூட்டிட்டியா?" பெருமையா நக்கலா என்று கேட்டால், இருக்கிற வேலையைப் பார் என்பார்கள்.

ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். குடும்பத்துக்குத் தொழில் பை ரிப்பேர். ஜிப் போன பை, சக்கரம் கழன்ற பெட்டி, கைப்பிடி பிய்ந்த சூட்கேஸ். முன்னால் கவுண்டரில் அம்மா, பின்னால் தையல் மெஷினில் அப்பா, மாடியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை. அதில் டிகிரிக்கு என்று ஒரு நாற்காலி இருந்ததே இல்லை. வாடிக்கையாளர்களின் பெட்டிகள்மேல் உட்கார்ந்துதான் படித்தாள். கணக்கில் பாதி போயிருக்கும்போது அம்மா வந்து நிற்பாள். "எழுந்திரு, பெட்டிக்காரர் வந்துட்டார்." எழுந்து அடுத்த பெட்டிக்குப் போவாள். அதுவும் தயாராகிவிடும். அப்பா வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பு. ஒரு பரீட்சைக்குப் படித்து முடிப்பதற்குள் ஏழெட்டுப் பெட்டி மாறுவாள். வகுப்பில் மற்ற பெண்கள் எல்லாம் தங்கள் மேசை, தங்கள் விளக்கு என்று பேசும்போது இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள்.

இப்போதும் பெட்டிமேல்தான் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறப் பெரிய சூட்கேஸ். நான்கு சக்கரத்தில் ஒன்று இல்லை. ஆடாமல் இருக்க அந்த மூலைக்கு அடியில் தன்னுடைய நெட்வொர்க் பாடப்புத்தகத்தைச் செருகியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்து அந்தப் புத்தகம் ஒரு ஆளைத் தாங்கியது இன்றைக்குத்தான்.

பதினொன்றுக்கு நேர்காணல். கடைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன கம்பெனி. "நீங்க செஞ்ச ஒண்ண ஓட விட்டுக் காட்டுங்க, சர்டிபிகேட்ட நாங்க பாக்கறதில்ல" என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே அவளுக்கு அந்தக் கம்பெனியைப் பிடித்துப்போயிற்று. அதற்காகவே ராப்பகலாக உழைத்து ஒரு நிர்வாக மென்பொருள் எழுதியிருந்தாள். வட்டப்படம், பட்டைப்படம், தொட்டால் மினுங்கும் பொத்தான் எல்லாம் அதில் உண்டு. எழுதியது தோழியின் லேப்டாப்பில். தோழி வேலை கிடைத்து லேப்டாப்போடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதனால் நேற்று எல்லாவற்றையும் கடையின் கணினிக்கு மாற்றி, வெளியாட்கள் இணையம் வழியாக இந்தக் கணினிக்குள் வருவதற்கு ஒரு பாதையும் போட்டு, அதன் முகவரியைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். இலவசப் பாதை. ஒருமுறை மூடித் திறந்தால் முகவரி மாறிவிடும். அந்தப் பாதை வந்து நிற்கும் வாசலின் எண் 8080.

அதன்பிறகு மென்பொருளை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் அம்மா வந்து, "எழுந்திரு, பெட்டிக்காரர் வந்துட்டார்" என்றாள். அதோடு போயிற்று. இன்று காலை ஓட்டினால், ஆள் இருக்கிறதாம்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகிவிட்ட விஷயம். அக்காவின் கணவர், இவளுக்கு மாமா, தன் நண்பரின் கடையில் சொல்லி வைத்திருக்கிறார். போன் கவர் விற்கும் கடை. திங்கட்கிழமை போய் உட்கார வேண்டியதுதான். "நீ சும்மா சிரிச்ச மூஞ்சியா உக்காந்தா போதும்" என்று மாமா சொன்னபோது, அவள் பார்த்த பார்வையில் அவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா, மூஞ்சி அப்படிப் போகுது?" என்றார் அப்பா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு பயணப்பையின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். மெஷினின் கழுத்தில் அவருடைய பழைய போன் ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருந்தது.

"என் வாசல்ல யாரோ உக்காந்திருக்காங்கப்பா."

அப்பா தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்த வாசல் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள. உள்ள நிறைய வாசல் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கும். ஒரு புரோகிராம் ஒரு வாசல்ல உக்காந்து, யாராவது வர்றாங்களான்னு காது குடுத்துக்கிட்டே இருக்கும். ஒரு வாசலுக்கு ஒரு ஆள்தான். போர்ட்னு சொல்லுவாங்க."

"மொத்தம் எத்தன வாசல்?"

"அறுபத்தஞ்சாயிரத்துக்கு மேல."

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவ்ளோ இருக்கா? அப்ப நீ பக்கத்து வாசலுக்கு நகந்துக்கோயேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நகர்வது பெரிய வேலையும் இல்லை. 8080 என்பதை 8081 என்று மாற்றினால் ஆயிற்று, ஒரே ஒரு இலக்கம். அப்புறம் பாதையை மூடித் திறந்து, மாறிய முகவரியைக் கம்பெனிக்கு இன்னொரு முறை அனுப்ப வேண்டும். அனுப்பலாம். ஆனால் டிகிரி விசைப்பலகையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் ஏன் நகரணும்? இத்தன வருஷம் நகந்தது பத்தாதா? எவன் உக்காந்திருக்கானோ அவன் எழுந்திரிக்கட்டும்."

அப்பா போனை ஒரு பார்வை பார்த்தார், அதை ஒரு குத்துக் குத்தினார், பையை எடுத்துத் தள்ளி வைத்தார்.

இதுவும் அவளுக்கு எரிச்சல். கடைசி இரண்டு வருடம் விடுதியில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் வீடே மாறியிருந்தது. முன்பெல்லாம் கடை முழுக்க ஒரே கத்தல்தான். அம்மா முன்னாலிருந்து பெட்டியின் எண்ணைச் சொல்லி "இருபத்திமூணு ஆச்சா?" என்பாள், அப்பா பின்னாலிருந்து "ஆகல" என்பார். அது காதில் விழாமல் அம்மா "என்னது?" என்பாள். அப்பா மறுபடி கத்துவார். எதிர்க்கடைக்காரர் "ஆகலையாம்மா" என்று இடையில் சொல்வார். இப்போது சத்தமே இல்லை. அம்மா அங்கே ஒரு போனைக் குத்துகிறாள், அப்பா இங்கே ஒரு போனைக் குத்துகிறார். ஏதோ பெரிய சண்டை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று டிகிரி முடிவு கட்டியிருந்தாள். கேட்கவும் இல்லை. கேட்டால் அதற்கும் தன் படிப்புதான் காரணம் என்று வரும்.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். தினமும் வேலைக்குப் போகும் வழியில் வந்து, கணினியில் பத்து நிமிடம் செய்தி பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். கணினிகளுக்கெல்லாம் தானே வைத்தியர் என்பது அவருடைய நினைப்பு. அவரிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"முடியாது மாமா. ஆஃப் பண்ணா நான் போட்ட பாதை போயிடும்."

"எல்லாம் சரியாயிடும். நீ தள்ளு." சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிப் போனார். சுவிட்சின்மேல் யாரோ பட்டையாக டேப் ஒட்டியிருந்தார்கள். "இது யாரு ஒட்டினது?" என்று நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

டிகிரி பெட்டியிலிருந்து எழவில்லை. காலை மட்டும் நீட்டி, சுவிட்சுக்கும் மாமாவுக்கும் நடுவில் சுவரில் ஊன்றினாள்.

"மாமா, கை வெச்சீங்கன்னா அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"அது இனிமேதான் யோசிக்கணும். ஆனா சொல்லுவேன்."

மாமா கையை எடுத்துவிட்டார். அக்காவைப் பற்றி அவருக்குத் தெரியும்.

டிகிரி கறுப்புத் திரையைத் திறந்து நெட்ஸ்டாட் என்ற கட்டளையை அடித்தாள். எந்த வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற கட்டளை. பெயரைக் காட்டாது, எண்ணைக் காட்டும். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் கணினி ஒரு எண் கொடுத்திருக்கும். அந்த எண்ணை வைத்து இன்னொரு இடத்தில் பெயரைத் தேட வேண்டும். ரேஷன் கடையில் ஒரு வரிசையில் நின்று சீட்டு வாங்கி, இன்னொரு வரிசையில் நின்று அரிசி வாங்குவதைப் போல.

வரிகள் கடகடவென்று ஓடின. கடைக் கணினி என்று பேர், உள்ளே ஒரு சந்தையே கூடியிருந்தது. எப்போதோ செத்துப்போன பிரிண்டருக்கு ஒரு ஆள் இன்னும் காவல் இருந்தது. காலாவதியான வைரஸ் தடுப்பு ஒன்று, ஓய்வு பெற்ற பிறகும் ஆபீசுக்கு வருகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுத்து ஒன்றைப் பார்த்ததும் டிகிரி திரும்பினாள்.

"மாமா, இங்க வந்து செய்தி மட்டும்தான் பாக்கறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"அப்ப ராத்திரி பகலா இங்க உக்காந்து படம் டவுன்லோட் பண்றது யாரு?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜிப்பைப் பார்த்தார். "வீட்ல நெட்டு ஸ்லோ" என்றார் மாமா, மிகச் சின்னக் குரலில்.

அவள் அதை ஆனந்தமாகத் தூக்கி வெளியே எறிந்தாள். எறிந்த பிறகுதான் பார்த்தாள், அது இருந்த வாசல் வேறு. 8080-இல் இருந்தவன் அசையவில்லை. அவனுடைய எண்ணை எடுத்துப் பெயரைத் தேடினாள். பைத்தான் என்று வந்தது.

அவளுடைய மென்பொருள் எழுதப்பட்ட மொழியும் பைத்தான்தான். "சே, என்னோடதுதான். அரைகுறையா செத்து உள்ளயே கெடக்கு" என்று நினைத்துக்கொண்டு அதன் கழுத்தைத் திருகினாள். வாசல் காலி.

"ஏய், நெட்டு போச்சா?" என்று முன்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அடுத்த நொடியே, "சரி, வந்துருச்சு."

டிகிரி தன் மென்பொருளை ஓட்டினாள். இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

மறுபடி பார்த்தாள். பைத்தான்தான், ஆனால் எண் வேறு. புது ஆள். கொன்றாள். "போச்சு" என்றாள் அம்மா. "வந்துருச்சு" என்றாள் அம்மா. மூன்றாவது ஆள் உட்கார்ந்திருந்தது. அப்பாவும் தன் போனைத் தட்டிப் பார்த்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "ம்" என்றார்.

"வெட்ட வெட்ட முளைக்குது" என்றார் மாமா, கொஞ்சம் மகிழ்ச்சியோடு. "நான் அப்பவே சொன்னேன், ஆஃப் பண்ணி..."

"மாமா."

"சரி, சொல்லல."

இந்த நேரத்தில்தான் முன்பக்கம் வெடித்தது. அம்மா கத்தினாள். அதுவும் பழைய கத்தல், எதிர்க்கடை வரை போகிற கத்தல்.

"ஏங்க, பத்தொன்பது எங்க?"

"பத்தொன்பது ஆகல" என்று அப்பா கத்தினார்.

"ஆச்சுன்னு போட்டிருக்கீங்க. நான் ஆள வரச் சொல்லிட்டேன், வந்து நிக்கிறார்."

"நான் எங்க போட்டேன்? அதுக்கு இன்னும் சக்கரமே மாட்டல."

"அப்ப நானா போட்டேன்? எனக்கு வேற வேல இல்ல?"

டிகிரிக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பேசிக்கொள்கிறார்கள். அடுத்த கணம்தான், போட்டிருக்கீங்க என்றால் எதில் போட்டிருக்கிறார் என்ற கேள்வி அவளைத் தைத்தது.

எண் போதாது, பெயர் போதாது. எந்த ஃபோல்டரிலிருந்து கிளம்பியது என்று பார்க்க வேண்டும். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கோபத்தில் கழுத்தைத் திருகுவதில்தான் குறியாக இருந்தாள். பார்த்தாள். 'செகண்ட் இயர்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'ஆச்சா' என்று ஒரு ஃபைல். பக்கத்தில் 'விடாதே' என்று இன்னொன்று.

அவளுக்கு வாயில் ஈ போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

இரண்டாம் ஆண்டு விடுமுறை. இந்தக் கத்தலில் படிக்க முடியாமல், தலைவலியில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது. பெட்டி எண்ணுக்கு நேராக ஒரு பெரிய பொத்தான். சிவப்பென்றால் ஆகவில்லை, பச்சையென்றால் ஆச்சு. அம்மா போனில் தெரியும், அப்பா போனில் தெரியும். கத்த வேண்டியதில்லை. அதையே பாடத்துக்கும் சமர்ப்பித்தாள். "இதில் வடிவமைப்பு என்று ஒன்று இருக்கிறதா?" என்று பேராசிரியர் கேட்டு, பாஸ் மார்க் போட்டு அனுப்பினார். அவமானத்தில் அவள் அதை மறந்தே போனாள். அது அடிக்கடி விழுந்துவிடும். ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்கப் பொறுமை இல்லை. அதனால், விழுந்தால் தூக்கி நிறுத்து என்று இன்னொரு சின்ன ஃபைல் எழுதி, கணினி கிளம்பும்போதே கிளம்பும்படி வைத்துவிட்டாள். பழுதைச் சரி செய்யாமல் முட்டுக்கொடுத்துவிட்டுப் போன வேலை. ரிப்பேர்க் கடையில் வளர்ந்தவள் செய்யக்கூடாத வேலை. கற்றுக்குட்டிகள் எல்லோரும் போய் உட்காரும் வாசல் 8080. அவளும் அதில்தான் அதை உட்கார்த்தி வைத்திருந்தாள். விடாதே என்று எழுதி வைத்திருக்கிறாள், அதுவும் விடவில்லை.

முன்பக்கம் போனாள். கவுண்டர் நிறையப் பைகள். விடுமுறைக்கு ஊர் போகிறவர்களின் கூட்டம் கதவுவரை நின்றது. அம்மா கையில் போன். திரையில் சிவப்பும் பச்சையுமாக அவளுடைய அந்த அசிங்கமான பொத்தான்கள்.

"இத இன்னும் வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கியாவா? இது இல்லாம கடை நடக்குமாடி?" அம்மா ஒரு கையால் ரசீதைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். "அதுக்குத்தான் சுவிட்சுக்கு டேப் ஒட்டி வெச்சிருக்கேன், எந்தக் கழிசடையும் அணைச்சுடக் கூடாதுன்னு."

பின்னால் மாமா நகத்தில் ஒட்டியிருந்த டேப்பை மெதுவாக உதறினார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"என்னத்த சொல்றது? நீதான போட்டுக் குடுத்த. உனக்குத் தெரியாதா?"

டிகிரி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாகப் போகிறது. "அம்மா, எனக்கு இப்ப அந்த எடம் வேணும். அரைமணி நேரம் இத நிறுத்திக்கவா?"

"தாராளமா நிறுத்து" என்றாள் அம்மா. "நிறுத்திட்டு, நடுவுல நின்னு நீ கத்து. இருபத்தொண்ணு ஆச்சா, இருபத்திரெண்டு ஆச்சான்னு. என் தொண்டை பழக்கம் விட்டுப்போச்சு."

கவுண்டரின் அந்தப் பக்கம் நின்ற ஒருவர், "அப்ப பத்தொன்பது?" என்று கேட்டார். குடையும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார். மத்தியானம் வண்டி ஏற வேண்டியவர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"இருங்க சார், எங்கயோ இருக்கு, தேடுறோம்" என்றாள் அம்மா.

டிகிரி பின்னால் ஓடினாள். முதலில் 'விடாதே'யை நிறுத்த வேண்டும், பிறகு 'ஆச்சா'வை. இந்த வரிசையில் செய்தால் திரும்ப முளைக்காது. பெட்டிமேல் உட்கார்ந்து விரலை வைத்தாள். முன்னால் கூட்டத்தின் இரைச்சல், அதற்குள் அம்மாவின் குரல். விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். அப்போது திரையில் அழைப்பு மணி அடித்தது. கம்பெனிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

இரண்டு முகங்கள். தலை நரைத்த, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பக்கத்தில் தாடி வைத்த ஒருவர்.

"வணக்கம்" என்றார் தாடிக்காரர். "நீங்க அனுப்பின முகவரிய நான் காலையிலயே பாத்துட்டேன். நல்லாயிருக்கு. வட்டம், பட்டைன்னு ஜோடனை பண்ணாம நேரா விஷயத்துக்கு வந்திருக்கீங்க."

டிகிரி விரலை விசையிலிருந்து எடுத்தாள். பாதை போய் நிற்கும் வாசல் 8080. அங்கே உட்கார்ந்திருப்பது ஆச்சா. காலையில் அவர் பார்த்தது அவளுடைய வட்டப்படத்தை இல்லை, அம்மாவின் கடையை.

"சார், நீங்க பாத்தப்ப எதையாவது அமுக்கினீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு அமுக்கிப் பாத்தேன். பத்தொன்பதுன்னு நினைக்கிறேன். பச்சையா மாறுச்சு. டெஸ்ட் டேட்டா நல்லா நிஜம் மாதிரியே போட்டிருக்கீங்க."

"அது டெஸ்ட் இல்ல சார்" என்றாள் டிகிரி. "அது ஒருத்தரோட பெட்டி. அவர் வெளிய நிக்கிறார்."

தாடிக்காரரின் முகம் தாடிக்குள் போய்விட்டது. கண்ணாடி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிஜக் கடையா இது?" என்றார் அவர். "அப்புறம் ஏன் பாஸ்வேர்டு கேக்கல?"

பொய் சொல்லச் சந்தர்ப்பம் இருந்தது. பழைய பதிப்பு, தெரியாமல் வந்துவிட்டது, இதோ என் நிஜ வேலையைக் காட்டுகிறேன் என்று தொடங்கியிருக்கலாம். டிகிரிக்கு அந்த மாதிரி வழுக்கிப் பேச வராது. "கடைக்குள்ள ரெண்டு பேருக்காக எழுதினது. அப்ப பாஸ்வேர்டு தேவைப்படல. நேத்து வெளியாளுக்கு வாசலத் தொறந்து விட்டது நான். அந்த வாசல்ல யார் உக்காந்திருக்காங்கன்னு பாக்காம தொறந்தேன். தப்பு என்னோடது. நீங்க அமுக்கினது உங்க தப்பு."

தாடிக்காரர் தலையாட்டினார்.

"யாருகிட்ட பேசுற?" என்று அம்மா உள்ளே வந்தாள். பத்தொன்பதைத் தேடி வந்தவள், திரையில் இரண்டு முகங்களைப் பார்த்ததும் நின்றாள். டிகிரி சொன்னாள், இவர்தான் பத்தொன்பதைப் பச்சையாக்கினவர்.

"நீங்களா?" என்றாள் அம்மா தாடிக்காரரிடம். "ஏன் சார், அடுத்தவங்க கடைக்குள்ள வந்து கண்டதத் தொடலாமா? படிச்சவங்கதான நீங்க? அந்த மனுஷன் மத்தியானம் வண்டி ஏறணும்."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"அம்மா, இது இன்டர்வியூ" என்றாள் டிகிரி, பல்லுக்கு நடுவிலிருந்து.

"இருக்கட்டும்மா, பேசட்டும்" என்றார் கண்ணாடி அம்மாள். "இத எவ்ளோ நாளா வெச்சிருக்கீங்க? இதுல என்ன குறை?"

கேட்டிருக்கக் கூடாது. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். எழுத்து வெயிலில் தெரிவதில்லை. விரல் தடிமனுக்குப் பொத்தான் இடிக்கிறது. தவறாக அமுக்கினால் திருப்ப வழி இல்லை. அவசரம் என்று போட ஒரு இடம் வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைக்கிறாள், யாரிடம் சொல்வது?

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்று டிகிரி திரும்பினாள்.

"உங்கிட்ட சொன்னா எரிஞ்சு விழுவ."

"நான் எப்ப எரிஞ்சு விழுந்தேன்?"

"இப்ப" என்றாள் அம்மா.

கண்ணாடி அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "தப்பா அமுக்கினா திருப்பறதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று டிகிரியைக் கேட்டார். டிகிரி சொல்ல ஆரம்பித்தாள். அமுக்கியதும் பெட்டியின் படம் ஒரு கணம் வந்து நிற்கட்டும், அம்மா பெட்டியை எண்ணால் நினைவு வைப்பதில்லை, நிறத்தால் வைப்பாள். நிறம் தெரிந்தால் தவறாக விட மாட்டாள். பேச ஆரம்பித்தபின் அவளுக்கே நிறுத்த முடியவில்லை. வட்டப்படம் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

நடுவில் அப்பா வந்தார். ஒரு கையில் ஸ்க்ரூட்ரைவர், இன்னொரு கையில் புதுச் சக்கரம். சுற்றும்முற்றும் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தார்.

"எழுந்திரு" என்றார். "பத்தொன்பது அதான்."

டிகிரி கீழே பார்த்தாள். சாம்பல் நிறம், மூன்று சக்கரம், நான்காவதாகப் பாடப்புத்தகம். கைப்பிடியில் அம்மாவின் கையெழுத்தில் கொட்டையாக 19. மாமா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுந்தாள். எழுந்ததில் கேமராவில் அவளுடைய வயிறு மட்டும் தெரிந்தது. மானிட்டரைத் தூக்கி இரண்டு பைகள்மேல் வைத்துவிட்டு, நின்றுகொண்டே மீதியைச் சொன்னாள். காலடியில் அப்பா சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் வரும்போது நிறுத்துவாள், நின்றதும் தொடர்வாள். கம்பெனிக்காரர்களும் அப்படியே காத்திருந்தார்கள்.

கடைசியில் கண்ணாடி அம்மாள் பேனாவை மூடினார். "திங்கட்கிழமை வந்துடுங்க. முதல் வேலை, இந்தப் பாதைய மூடறது. இப்பவே மூடுங்க. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

விடுமுறை எத்தனை நாள், பதவியின் பெயர் என்ன என்று கேட்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்குமா?" என்றாள் டிகிரி. "வேற யாரும் வந்து எழுந்திருன்னு சொல்லாத நாற்காலி. சக்கரம் நாலும் இருக்கணும்."

தாடிக்காரர் குனிந்து தன் நாற்காலியின் அடியில் பார்த்தார். எண்ணினார். நிமிர்ந்தார்.

"அஞ்சு இருக்கு" என்றார்.

அழைப்பு முடிந்தது. பாதையை மூடினாள். மாமா போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். கவர் கடை நண்பரிடம் என்ன சொல்லலாம் என்று தனக்குத்தானே ஒத்திகை பார்ப்பது கேட்டது. முன்னால் பத்தொன்பதுக்காரர் பெட்டியை இழுத்துப் பார்த்து, நான்கு சக்கரமும் ஓடுகிறது என்று தெரிந்ததும் ஓட்டமாகப் போனார்.

டிகிரி தரையில் கிடந்த பாடப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். அட்டையில் சக்கர அச்சின் வட்டம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. கணினியின் முன் நின்று, குனிந்து, தன் மினுமினுப்பு மென்பொருளில் 8080 என்றிருந்ததை 8081 ஆக்கினாள். அது ஒரே தட்டில் கிளம்பி உட்கார்ந்தது, பார்க்க ஆளில்லாமல். மாமா சுரண்டிவிட்டிருந்த டேப்புக்கு மேல் புதிதாக ஒரு துண்டு கிழித்து ஒட்டினாள்.

பின்னாலிருந்து ஒரு பெட்டி உருண்டு வந்து அவள் காலில் இடித்து நின்றது. சிவப்புப் பெட்டி, புத்தம் புதிது மாதிரி இருந்தது. கைப்பிடி மட்டும் இல்லை.

"உக்காரு" என்றார் அப்பா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "அது சாயங்காலந்தான் வேணுமாம்."